மூன்று விரற்கடை

பாலக்காடு செஷன்ஸ் கோர்ட்டில்
தமிழ்ச் சாட்சி வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.
நாள்படி நானூறு, பஸ் காசு தனி,
வவுச்சரில் கையெழுத்து.
பெரும்பாலும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆட்கள்.
சந்தையில் மலையாளம் நன்றாகவே பேசுவார்கள்.
கூண்டில் ஏறியதும் அது வாயைவிட்டு இறங்கிவிடும்.

இன்றைக்குக் கிட்டுச்சாமி.
வேலந்தாவளம் போகிற வழியில் தென்னந்தோப்பு.
வாய்க்கால் மடையை யார் முதலில் திறப்பது என்று
பக்கத்துத் தோப்பு ஆறுச்சாமியோடு
பதினோரு வருஷமாய்ப் பேச்சு.
போன சித்திரையில், பேச்சு தீர்ந்த ஒரு விடியலில்,
குலை வெட்டுகிற கொடுவாள்.

டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டுப் போனார்:
இடது தோள், நீளம் ஏழு சென்டிமீட்டர், ஆழம் இரண்டு.
கழுத்துக்கு எவ்வளவு தூரம் என்றார் பிராசிகியூட்டர்.
டாக்டர் தன் கழுத்தோரம் கையை வைத்துக் காட்டினார்.
மூன்று விரற்கடை.
வழக்கு மொத்தமும் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.
இந்தப் பக்கம் சாய்ந்தால்
ஆயுதத்தால் காயம், மூன்று வருஷம்.
அந்தப் பக்கம் சாய்ந்தால்
கொலை முயற்சி, பத்து வருஷம், ஆயுள்கூட.

பழைய ஆட்கள் இன்னும் முன்னூற்றேழு என்கிறார்கள்.
எண் நூற்றொன்பதாகிவிட்டது.
கேள்வி அதேதான்:
இவன் செத்திருந்தால் அது கொலையாகியிருக்குமா?
கொடுவாள் படாமலே போயிருந்தாலும் கேட்கும் சட்டம்.
உயிரோடு எதிரே நிற்பவனை
ஒரு நிமிஷம் பாயில் கிடத்திப் பார்த்துவிட்டு
எழுந்து வரச் சொல்கிற வாக்கியம்.

முதல் தகவல் அறிக்கையில்
எல்லா வழக்கிலும் இருக்கிற அதே வரி:
கொன்னு போடுவேன்டா என்று கூவிக்கொண்டு.
மலையாளத்தில் கொன்னு களயும்.
நாங்கள் போடுகிறோம், அவர்கள் களைகிறார்கள்,
அது பரவாயில்லை.
எங்கள் வினையின் வாலில் ஒட்டியிருக்கிற 'ஏன்'
அங்கே உதிர்ந்துவிடும்.
கொல்லப்போவது யாரென்று வினை சொல்லாது.
'ஞான்' என்று முன்னால் நான்தான் சேர்க்க வேண்டும்.
சேர்க்கும்போதெல்லாம் நாக்கு கொஞ்சம் பின்வாங்கும்.

(நேற்று ராத்திரி நானும் சொன்னேன்,
என் கண்ணாடியை மிதித்து உடைத்த மகளிடம்.
அவள் தோசை கேட்டாள்.)

"ஆறுச்சாமி என்ன சொல்லிக்கொண்டு வந்தார்?"
கிட்டுச்சாமி துண்டை மடித்தார், பிரித்தார்.
"ஒண்ணும் சொல்லலீங்க."
பிராசிகியூட்டர் காகிதத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.
எதிர்த்தரப்பு வக்கீல்
சிரிப்பைப் பேனா மூடிக்குள் வைத்து மூடினார்.
"கொன்னு போடுவேன்னு அவன் தினமும் சொல்றதுதானுங்க.
மோட்டாரைச் சொல்லுவான், அணிலைச் சொல்லுவான்,
பதினோரு வருஷமா என்னையும் சொல்லியிருக்கான்.
நான் பயந்ததே இல்லைங்க.
அன்னைக்குத்தான் வாயே திறக்காம வந்தான்.
அப்பத்தான் தெரிஞ்சுது."

முழுவதும் சொன்னேன். அணிலையும் விடவில்லை.
நீதிபதி தட்டச்சரிடம் சொன்னது:
பிரதி ஒண்ணும் பறஞ்ஞில்ல.
அங்கே பிரதி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்,
எங்களுக்கு நகல்.
ஒரே வரி. முற்றுப்புள்ளி.

ஆறுச்சாமி அப்போதுதான் தலையைத் தூக்கினார்.
நன்றியா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.
முகத்தை மொழிபெயர்க்க எனக்கு நாள்படி கிடையாது.

மத்தியானம் வராந்தாவில் கிட்டுச்சாமி கேட்டார்:
"ஏம்மா, நான் செத்துப்போயிருந்தா
இத்தனை கேள்வி இருந்திருக்காதில்ல?"
தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.
பதிலுக்கு நிற்கவில்லை.
வேலந்தாவளம் பஸ் ரெண்டேகாலுக்கு,
அதை விட்டால் ஐந்து மணிக்குத்தான்.
ஆறுச்சாமி ஜாமீனில் இருக்கிறார்.
அவருக்கும் அதே பஸ்.